விட்டத்தைப் பார்த்தபடி

தாராபுரத்து வெயிலுக்கு ஓட்டு வீட்டுக்குள் ஒண்டி வளர்ந்தவனுக்கு, எங்கே நுழைந்தாலும் கண் முதலில் விட்டத்துக்குத்தான் போகும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பனங்கை. நார் நாராகக் கிடக்கும், தடவினால் விரலில் சிலாம்பு ஏறும். ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்திலும் அப்படித்தான் அண்ணாந்து நின்றேன். வெளியே இளமஞ்சள் சுவர் பனியில் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே, தலைக்கு மேலே, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைத் தாங்கிய மரம். 1830இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டபோதே அது இரண்டாம் பிறவி எடுத்திருந்தது. யானைகள் இழுத்து வந்தன என்பார்கள். யானைக்கு முன்னால் வழி பார்த்து நடந்தவர் யாரோ!

பழைய மரத்தை மறுபடி உத்திரமாக்குவது லேசான வேலை இல்லை. உலர்ந்து இறுகிய மரத்தில் உளி சறுக்கும், இழைப்புளி முனகும். பழைய துளைகளுக்கு இடம் விட்டுப் புது மூட்டு போட வேண்டும். ஆனால் அடங்கி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் முறுக்காது. பேச்சையும் அந்த மரம் உள்வாங்கிக்கொள்கிறது. கல் மண்டபம் போல் திருப்பி எறிவதில்லை. வண்ணக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் பெஞ்சு மேல் சிவப்பும் நீலமுமாக ஊர்ந்தது. எல்லாரும் அதைத்தான் படம் பிடித்தார்கள். நான் அண்ணாந்தே நிற்பதைப் பார்த்த ஒருவர் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: “ஏனுங்க, மேலே எங்காச்சும் ஒழுகுதுங்களா?”