21 நகரங்களும் எங்கள் வீட்டுக் கிணறும்

2019 ஜூன் கடைசியில் அமெரிக்காவிலிருந்து அக்கா போன் பண்ணினாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். அன்று புதன். "என்னடா, ஊர்ல சொட்டுத் தண்ணி இல்லையாமே? டிகாப்ரியோவே போட்டிருக்கான். பேசாம பெங்களூர் கிளம்பிப் போங்க."

அப்போதுதான் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் நம்ப மாட்டாள் என்று சொல்லவில்லை. அவள் போகச் சொன்ன பெங்களூரும் தண்ணீர் தீரப்போகும் நகரங்களின் பட்டியலில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

டிகாப்ரியோ பகிர்ந்தது பிபிசியின் செய்தி. ஒரு பெரிய கிணற்றைச் சுற்றிப் பெண்கள் குனிந்து நிற்கிறார்கள், கயிற்றில் குடங்கள் இறங்குகின்றன. கிணறு முற்றிலும் வற்றிவிட்டது, நகரத்தில் தண்ணீர் இல்லை, மழைதான் காப்பாற்ற வேண்டும் என்று கூடவே ஒரு குறிப்பு. முற்றிலும் வற்றிய கிணற்றில் எதற்குக் குடம் இறக்குகிறார்கள்? அந்தப் படத்தை லட்சக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். யாரும் இதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. நானும் அன்று கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோடையில் பட்ட அவஸ்தை பொய்யில்லை. 2018 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். ஜூனில் அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. மெஸ்களில் மதியச் சாப்பாடு நிறுத்தினார்கள். ஓஎம்ஆர் கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். இதையெல்லாம் எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. என் சண்டை வேறு. அந்த மாதங்களின் செய்திகளில் தண்ணீர் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதை யார் எப்படி அளந்தார்கள்?

முதலில் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். 2020-க்குள் டெல்லி, பெங்களூர், சென்னை, ஹைதராபாத் உட்பட 21 நகரங்களில் நிலத்தடி நீர் பூஜ்யமாகிவிடும், பத்துக் கோடிப் பேர் பாதிக்கப்படுவார்கள். 2018 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கையில் வந்தது இது. அடுத்த வருஷம் சென்னை வறண்டதும் உலகத்தில் ஒரு பத்திரிகை பாக்கியில்லாமல் இதை எடுத்துப் போட்டது. 'அரசு சிந்தனைக்குழுவே சொல்கிறது' என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒருவருக்கு வந்தது. அப்போது டெல்லியிலிருந்த வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜோஆனா ஸ்லேட்டர் செய்தது ரொம்ப எளிமையான காரியம்: அடிக்குறிப்பைப் பார்த்தார், அதில் பெயர் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். 21 நகரங்கள் வற்றும் என்று கணித்த ஆய்வு எதுவும் அங்கே இல்லை. தேடித்தேடிப் போனால் கடைசியில் கிடைத்தது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பழைய கணக்கு. ஒரு வருஷத்தில் மண்ணுக்குள் இறங்குகிற நீரைவிட நாம் எடுப்பது அதிகமா குறைவா என்று மாவட்டவாரியாகப் போடுகிற கணக்கு அது. அதிகம் என்றால் 'அதிநுகர்வு' என்று முத்திரை குத்துவார்கள்.

சம்பளத்தைவிடச் செலவு அதிகம் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதை வைத்து அவர் அடுத்த டிசம்பரில் பிச்சை எடுப்பார் என்று தேதி குறிக்க முடியாது. பேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். போனஸ் வருமா என்று தெரிய வேண்டும். சென்னை மாதிரி இரண்டு மூன்று மாதத்தில் வருஷத்து மழையில் பெரும்பங்கைக் கொட்டித் தீர்க்கிற ஊரில் போனஸ்தான் சம்பளமே.

இதில் எனக்குப் பிடித்த, வயிறு எரிகிற பகுதி என்னவென்றால், அந்த அறிக்கை தன் ஆதாரங்களில் நாளிதழ்களையும் குறிப்பிட்டிருந்தது. பத்திரிகையைப் பார்த்து அறிக்கை, அறிக்கையைப் பார்த்துப் பத்திரிகை. ஒருத்தர் கையில் இருந்த சொம்பை இன்னொருத்தர் வாங்கி மூன்றாமவரிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தவர் ஒரே ஒருத்தர்.

அடுத்தது 'டே ஜீரோ'. இது கேப் டவுனிலிருந்து இறக்குமதியானது. அங்கே 2018-ல் அதற்கு ஒரு திட்டவட்டமான பொருள் இருந்தது. அணைகளின் கொள்ளளவு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் பெரும்பாலான குழாய்களை மூடுவார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், வரிசையில் நின்று வாங்க வேண்டும். அந்த நாள் அங்கே கடைசிவரை வரவில்லை. சென்னைக்கோ ஜூன் மூன்றாம் வாரமே வந்துவிட்டது என்று எழுதினார்கள். எந்த அளவை வைத்து? ஏரி காய்ந்த படத்தை வைத்து.

அந்தச் சமயத்தில் மெட்ரோ வாட்டர் தினசரி விநியோகத்தை 830 மில்லியன் லிட்டரிலிருந்து 525 மில்லியனாகக் குறைத்திருந்தது. ஏரிகள் காலி என்றால் இந்த 525 எங்கிருந்து வந்தது? மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் இரண்டும் ஆளுக்கு 100 தரக் கூடியவை. வீராணத்திலிருந்து 180 கொண்டுவர முடியும். இதற்கு மேல் நெய்வேலிப் பக்கத்துக் கிணறுகள், திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகள், சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டை. அதாவது அந்தக் கோடையில் சென்னை பிழைத்தது கடலாலும், கடலூர் மாவட்டத்துச் சோழர் கால ஏரியாலும், யாரோ ஒரு விவசாயியின் பம்ப் செட்டாலும். பெரிய செய்தி இதுதான். வானத்திலிருந்து எடுத்த புழல் ஏரிப் படங்கள், 2018-ல் நீலம், 2019-ல் பழுப்பு, இதைக் காட்டாது.

ஜோலார்பேட்டை ரயிலையும் சொல்லாமல் விட முடியாது. ஜூலை 12 அன்று 50 வேகன்களோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. மாலை, வரவேற்பு, நேரலை. அதில் வந்தது 25 லட்சம் லிட்டர். குறைக்கப்பட்ட தினசரி விநியோகத்தோடு வைத்துப் பார்த்தால் அரை சதவீதத்துக்கும் கீழே. அன்றைய சப்ளைக்கு ஈடாக 210 ரயில் வர வேண்டும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. நான் அன்று பார்த்த தொலைக்காட்சிச் செய்திகளில் இந்தக் கணக்கைத் திரையில் போட்டவர் யாருமில்லை. வேகன் எண்ணிக்கையை மட்டும் பத்து தடவை சொன்னார்கள்.

இப்போது காலுக்குக் கீழே வருவோம். 'சென்னையின் நிலத்தடி நீர்' என்று ஒரே பொருளாக எழுதினார்களே, அப்படி ஒன்று கிடையாது. சாந்தோம், பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோரம் மணல். மழை பெய்தால் சட்டென்று இறங்கும், மேல்கிணறு சில நாளிலேயே ஏறும். அதே இடத்தில் ஆழமாகத் துளைத்து உறிஞ்சினால் உப்பு வரும். தி.நகரோ பழைய ஏரி. மயிலாப்பூர் ஏரி, நீள ஏரி என்றெல்லாம் சொன்ன அந்த நீர்ப்பரப்பை 1920களில் வடித்துத்தான் மாம்பலம் திட்டமும் தி.நகரும் வந்தன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். அங்கே களிமண், அதற்குக் கீழே பாறை. மழைநீர் சுலபமாக இறங்காது. கிண்டி, வேளச்சேரிப் பக்கம் போனால் பாறையே மேலே வந்துவிடும். மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இவ்வளவு வித்தியாசம். இதில் எந்தக் கிணறு 2020-ல் பூஜ்யமாகும்?

இதற்கான எண்களும் இல்லாமல் இல்லை. மெட்ரோ வாட்டர் நகரம் முழுக்கக் கண்காணிப்புக் கிணறுகள் வைத்து மாதாமாதம் நீர்மட்டம் அளக்கிறது. அடையாறு எவ்வளவு, தேனாம்பேட்டை எவ்வளவு, கோடம்பாக்கம் எவ்வளவு என்று பகுதிவாரியாகப் பார்க்கலாம். நம்மூர் நாளிதழ்களின் உள்பக்கத்தில், இரண்டு பத்தி அகலத்தில், படமில்லாமல், அது செய்தியாகவும் வரும். அதை எழுதுகிற உள்ளூர் நிருபர்கள்தான் அந்த வருஷத்தின் உருப்படியான வேலையைச் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் உலகத்துக்குப் போனது உள்பக்கம் அல்ல.

மந்தைவெளியில் 'ரெயின் சென்டர்' 2002-லிருந்து இருக்கிறது. அதை நடத்தும் சேகர் ராகவன் 90களிலேயே பெசன்ட் நகரில் வீடுவீடாக ஏறி மழைநீரை மண்ணில் இறக்குங்கள் என்று கேட்டவர். எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டபோது ஊரே குழி வெட்டியது. பதினாறு வருஷம் கழித்து அந்தக் குழிகள் என்னவாயின? எத்தனை தூர்ந்தன, எத்தனை இன்றும் வேலை செய்கின்றன, எந்தத் தெருவில் கிணறு ஏறியது? ஒரு நிருபர் ஒரே ஒரு வார்டை எடுத்துக்கொண்டு பதினைந்து நாள் நடந்திருந்தால் போதும். அப்படி ஒரு கட்டுரைக்கு ஏங்கிப்போய் அந்தக் கோடை முழுக்கப் பேப்பர் படித்தேன்.

இவ்வளவு பேசுகிற நான் செய்தது என்ன?

ஜூலை முதல் ஞாயிறு எங்கள் அபார்ட்மெண்டில் அசோசியேஷன் மீட்டிங். செயலாளர் ஒரு பிரிண்ட் அவுட் எடுத்து வந்திருந்தார். 21 நகரங்கள், 2020, பத்துக் கோடிப் பேர். "இன்னும் ஆறு மாசம்தான் சார். எல்லாரும் உறிஞ்சறதுக்குள்ள நாம உறிஞ்சிடணும்." புது போர், 250 அடி. வீட்டுக்குப் பதினைந்தாயிரம். மூன்றாம் மாடி மாமி மட்டும், "இருக்கற கிணத்த தூர் வாரினா என்ன?" என்றார். அதைக் கேட்கும் மனநிலையில் யாரும் இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அறிவியல் செய்தி படிக்கிறவன், குறிப்பு எடுத்து வைக்கிறவன், நானும்தான் தூக்கினேன்.

1987 சட்டத்தின்படி சென்னையில் கிணறு தோண்ட அனுமதி வேண்டும். வாங்கினோமா என்று கேட்காதீர்கள். போர் லாரி இரவு பதினோரு மணிக்கு வந்தது. அந்த மாதம் எங்கள் தெருவில் மட்டும் மூன்று ராத்திரி அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் தீரப்போகிறது என்ற செய்தியைப் படித்து யாரும் சிக்கனமாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் எடுப்பதற்குள் எடுக்க ஓடினோம். தேதி குறித்த செய்தி இதைத்தான் செய்யும். 2019 கோடையில் சென்னையில் எத்தனை புது போர்கள் இறங்கின என்பதுதான் அந்த ஆண்டின் தண்ணீர்ச் செய்தி என்று இப்போதும் நினைக்கிறேன்.

மீட்டிங் முடிந்து கீழே இறங்கியபோது வாட்ச்மேன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை உறை தண்ணீர் இருக்கிறது என்று சும்மா கேட்டேன். எட்டிக்கூடப் பார்க்காமல், "நாலு உறை சார். போன மாசமும் நாலுதான்" என்றார். மேலே பதினெட்டுக் குடும்பம் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினோம். ஒருத்தரும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

போரில் தண்ணீர் வந்தது. கலங்கலாக, லேசான கரிப்போடு. ஆறு மாதத்தில் ஹீட்டர் காயில் உப்புப் பூத்துப் போனது. கிணறு ஆகஸ்டில் ஒன்றரை உறைக்கு இறங்கியது, அக்டோபர் மழையில் திரும்ப ஏறியது.

2020-ம் வந்தது. கொரோனா வந்தது, எல்லோருக்கும் வேறு எண்கள் கிடைத்தன. 21 நகரங்களைப் பற்றி எழுதிய இடங்களில் 'நாங்கள் போட்ட கணிப்பு நடக்கவில்லை, அது ஏன் தப்பு' என்று ஒரு வரி வந்ததா என்று தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. அந்த வாக்கியம் மட்டும் இன்னும் சாகவில்லை. வருஷத்தை எடுத்துவிட்டு 'விரைவில்' என்று போட்டுக்கொள்கிறார்கள்.

2021 நவம்பரில் தி.நகர் தெருக்களில் முழங்கால் தண்ணீர். அக்கா கூப்பிட்டாள். "என்னடா, ஊரே முழுகிடுச்சாமே?" அன்றைக்குக் கிணற்றில் பதினோரு உறை இருந்தது. அதைச் சொன்னேன். உறை என்றால் என்ன என்று கேட்டாள்.