ஒத்திகையே படமாகும்போது

வேஷம் கட்டித் திரை தூக்கிய பின்பு காண்பதுதான் நாடகம் என்று எண்ணிப் பழகிய நமக்கு, வேஷமும் திரையும் இல்லாத ஓர் ஒத்திகையையே பூரணமான கலைப்படைப்பாக முன்வைத்த பிரெஞ்சு டைரக்டர் லூயி மாலின் ‘வான்யா ஆன் ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ (1994) என்ற படம் முதலில் சற்றுத் திகைப்பையே தரும். செக்காவின் ‘வான்யா மாமா’ நாடகத்தை, மேடையேற்றும் அவசரமே இன்றி, 1989 முதல் சில வருஷங்கள் நியூயார்க்கில் ஆந்திரே கிரிகரியும் அவருடைய நடிகர்களும் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்; அழைப்பின்பேரில் வந்த சிலரே அதைப் பார்த்தார்கள். அதைத்தான் மால், 1903இல் கட்டப்பட்டுப் பிற்காலத்தில் பாழடைந்து கிடந்த நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற நாடகக் கொட்டகையில் படம்பிடித்தார். மேடைக் கயிறுகளை எலிகள் கடித்துத் தின்றுவிட்டபடியால், ஜனங்கள் உட்காரும் பகுதியிலேயே நடிக்க நேர்ந்தது. அந்த அசௌகரியமே படத்துக்கு அநுகூலமாயிற்று என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்பத்தைக் கண்கொட்டாமல் பாருங்கள். தெருக்கூட்டத்தினூடே நடந்து வந்த நடிகர்கள் உள்ளே நுழைந்ததும், வான்யாவாக நடிக்கும் வாலஸ் ஷான் அலுப்புடன் ஒரு பெஞ்சில் படுத்துவிடுகிறார். டாக்டராக வரும் லாரி பைனும் முதிய நடிகை ஃபீபி பிராண்டும் ஏதோ குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த சம்பாஷணை எந்த இடத்தில் செக்காவின் வசனமாக மாறிற்று என்பதை முதல் தடவையிலேயே கண்டுபிடிப்பவர்கள் அபூர்வம். குரல் உயர்வதில்லை; யாரும் கைதட்டித் தொடங்குவதுமில்லை. விருந்தினர் உட்கார்ந்து பார்ப்பதைக் காமிரா காட்டும்போதுதான் நாடகம் நடந்துகொண்டிருப்பதே நமக்கு விளங்குகிறது. (அவர்களுள் ஒருவராக வருபவர் தில்லியில் பிறந்த மதுர் ஜாஃப்ரி.) செக்காவின் வான்யாவும் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வருபவன்தான் என்பது நினைவுக்கு வந்தால், அந்தப் பெஞ்சுத் தூக்கத்தின் சாமர்த்தியம் இன்னும் ருசிக்கும்.

அடுத்தபடி, பேசுகிறவரை விட்டுக் கேட்கிறவரைக் கவனியுங்கள். கடைசி வரிசைக்கும் எட்டவேண்டுமே என்று குரலை வீசிப் பேசவேண்டிய நிர்ப்பந்தம், காமிரா கையெட்டும் தூரத்தில் நிற்கையில் இல்லாது போகிறது, முணுமுணுப்பே போதும். இரண்டாம் அங்கத்தின் நள்ளிரவில், ஸோன்யாவின் மனத்தை அறியாத டாக்டர் தன்போக்கில் பேசிக்கொண்டேபோக, அவளாக வரும் புரூக் ஸ்மித்தின் முகத்தில் ஆசையும் அச்சமும் மாறி மாறி வந்து போவதைப் பாருங்கள். யெலேனாவாக வரும் ஜூலியன் மூரின் அழகையும் மிஞ்சி நிற்பது, அழகில்லை என்று தன்னைத்தானே நொந்துகொள்ளும் இந்தப் பெண்தான்.

ருஷ்யப் பண்ணைவீட்டுக் காட்சியில் நியூயார்க் பெயர் அச்சடித்த காகிதக் கப் கண்ணில் பட்டால் சிரித்துக்கொள்ளலாம். சில நிமிஷங்களில் அது உறுத்தாது. மால் 1995இல் காலமானார்; இதுவே அவருடைய கடைசிப் படம். செக்காவின் நாடகத்தை முன்னதாக ஒருமுறை படித்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படத்தை நடுவில் நிறுத்தாமல் பாருங்கள்.