ஒற்றும் தூதும் ஒரு கையில்: கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் – ஒரு மறுவாசிப்பு

இராபர்ட் கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் 1881இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே ஏ. ஜே. ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மாவட்டக் கையேடு வெளிவந்திருந்தது. கையேடு வருவாய்த்துறையின் தேவைக்காகத் தொகுக்கப்பட்டது. சரித்திரமோ 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்து, அம்மண்ணின் மொழியையும் மக்களையும் நேரிற் கண்ட ஓர் அறிஞர் எழுதியது. ஆதலால் பாளையக்காரர் வரலாற்றை எழுத முற்பட்ட பின்னையோர் அனைவரும் இந்நூலையே வாயிலாகக் கொண்டனர். கட்டபொம்மனைப் போற்றியவர்களும் தூற்றியவர்களும் பெரும்பாலும் இதே நூலிலிருந்தே செய்திகளை எடுத்தாண்டுள்ளனர் என்பது கருதத்தக்கது.

நூலின் பிற்பகுதி கம்பெனி அதிகாரிகளின் கடிதங்களாலும் படைத்தலைவர்களின் குறிப்புகளாலும் ஆனது. அவை எழுதப்பட்ட காலத்தில் வரலாற்றுச் சான்றுகளாக எழுதப்பட்டவை அல்ல. எந்தப் பாளையத்தில் எத்தனை பேர் ஆயுதம் தாங்குவர், எவர் எவருக்குப் பகை, எந்தக் கோட்டையின் எந்தப் பக்கம் முள்வேலி அடர்ந்துள்ளது என்பனவற்றைச் சென்னைக்கு அறிவிப்பதற்காக எழுதப்பட்ட வேவுச் செய்திகள் அவற்றுள் மிகுதி. எண்பது ஆண்டுகள் கழித்து அவை 'சரித்திரம்' ஆயின. கால்டுவெல்லின் நூலைத் திறனாய்வோர் அவருடைய சமய நோக்கையும் ஆட்சிச் சார்பையும் சுட்டிக்காட்டியுள்ளனர். அது எளிய பணி. வேவுச் செய்தியொன்று சான்றாக மாறும்போது அதனைக் கொண்டுவந்து சேர்த்தவனின் முகம் எங்கே மறைகிறது என்பதே கடினமான வினா.

திருக்குறள் ஒற்றாடலையும் தூதையும் இரண்டு தனி அதிகாரங்களாக வைத்துள்ளது. ஒற்றன் மறைந்து நின்று அறிபவன். தூதன் வெளிப்பட நின்று உரைப்பவன். கம்பெனியின் கலெக்டர் பதவியில் இவ்விரண்டும் ஒன்றாயின. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் உரிமையை நவாபிடமிருந்து கம்பெனி பெற்றபின், வரி கேட்பவரும் பேச்சு நடத்துபவரும் உளவு திரட்டுபவரும் ஒருவரேயாயினர். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த ஜாக்சன் – கட்டபொம்மன் சந்திப்பு இதற்குத் தக்க சான்று. நிலுவை பற்றிப் பேச அழைக்கப்பட்டவர் கலெக்டரின் முகாம் சென்ற இடமெல்லாம் பின்தொடர நேர்ந்தது. இறுதியில் கோட்டைக்குள் நடந்த பேச்சு அவரைத் தடுத்து வைக்கும் முயற்சியாக முடிந்தது. வாயிலில் நிகழ்ந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கம்பெனி அமைத்த விசாரணைக் குழுவே கட்டபொம்மன்மீது பெருங்குற்றம் காணவில்லை; ஜாக்சன் பதவியிழந்தார். இந்நிகழ்ச்சியைக் கால்டுவெல் மறைக்கவில்லை என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அவர் இதனை ஓர் அதிகாரியின் கடுங்குணத்தால் விளைந்த தவறாகக் காண்கிறார். தூதுக்கு வந்தவனைச் சிறைசெய்யக் கூடிய அதிகாரம் அப்பதவியின் அமைப்பிலேயே இருந்தது என்பது அவர் பார்வைக்கு எட்டவில்லை.

திருநெல்வேலியின் 'எல்லை' எங்கே இருந்தது என்பதும் இங்கு ஆராயத்தக்கது. பேரரசின் எல்லை என்றவுடன் கணவாய்களையும் அயல்நாட்டையும் நினைப்பது வழக்கம். மேற்கே ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் திருவிதாங்கூரும், கிழக்கே தூத்துக்குடியில் டச்சுக்காரரும் இருந்தமை உண்மையே. ஆயினும் கம்பெனியின் கண்ணுக்கு உண்மையான எல்லை மாவட்டத்திற்கு உள்ளேயே ஓடிற்று. தாமிரபரணியின் இருகரை நன்செய்யும், அதனைக் காத்து நின்ற பாளையங்கோட்டைக் கோட்டையும் ஒருபுறம். மேற்கே மலையடிவாரத்து மறவர் பாளையங்களும், கிழக்கே கரிசற்காட்டு நாயக்கர் பாளையங்களும் மறுபுறம். ஆற்றுநீர் பாயும் வயலில் எத்தனை கோட்டை நெல் விளையும் என்பதைக் கணக்குப்பிள்ளையின் ஏடு சொல்லிவிடும். கரிசற்காட்டில் அத்தகைய ஏடு கம்பெனியின் கைக்கு எட்டவில்லை. அங்கே ஆளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அந்த ஆள் யார்? துபாஷி, அமில்தார், அரண்மனை வக்கீல், பகைப் பாளையத்தின் தூதன் ஆகியோரே. இவர்கள் கால்டுவெல்லின் நூலில் பெரும்பாலும் நிழல்களாகவே நடமாடுகின்றனர். அதிகாரி 'அறிந்தார்' என்று வாக்கியம் அமையும். யார் வழி அறிந்தார் என்பது அமையாது.

பாளையக்காரர் வேவு பார்க்கப்பட்டவர்கள் மட்டுமல்லர் என்பதற்கு 1783ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்றாகும். அவ்வாண்டு ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லார்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோது, கொழும்பிலிருந்த டச்சு அரசுக்கும் கட்டபொம்மனுக்கும் இடையிலான உடன்படிக்கையின் மூலப்படி அங்கே கிடைத்தது. (இவர் 1799இல் தூக்கிலிடப்பட்டவர் அல்லர், அவருக்கு முந்தியவர். அப்பெயர் மரபுப் பெயராக வழங்கியதை மறந்து இருவரையும் ஒருவராக்கும் எழுத்துகள் இன்றும் உள்ளன.) ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஃபுல்லார்டன் சென்னை அரசுக்குக் கடித வடிவில் எழுதி 1787இல் நூலாக வெளியிட்டதில் இது இரண்டகத்தின் தடயமாக இடம்பெறுகிறது. கால்டுவெல்லும் அப்பார்வையிலிருந்து விலகவில்லை. ஆனால் அதே ஏடு, தன் அண்டையில் இருந்த கடற்கரைத் துறைமுகத்தை ஆண்ட வல்லரசோடு கரிசற்காட்டுப் பாளையம் ஒன்று சமநிலையில் நின்று செய்துகொண்ட அரசுறவுப் பத்திரமும் ஆகும். யாருடைய அறையில் படிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரே தாள் உடன்படிக்கையாகவும் குற்றச்சான்றாகவும் ஆகிறது.

1799இல் இவ்வமைப்பின் முழுவலிமை வெளிப்பட்டது. செப்டம்பர் 5இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கி இழப்புடன் பின்வாங்கினார். பீரங்கி முடிக்காததைச் செய்தித்தொடர்பு முடித்தது. கோட்டையை விட்டகன்ற கட்டபொம்மனை எட்டயபுரத்தார் துரத்தினர். கோலார்பட்டியில் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தனர். அக்டோபர் 16இல் கயத்தாற்றில், திரட்டி நிறுத்தப்பட்ட ஏனைய பாளையக்காரர் பார்த்திருக்க, அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்விடத்தில்தான் கால்டுவெல்லின் நூலும் அதற்கு எதிரான மக்கள் நினைவும் எதிர்பாராத வகையில் ஒன்றுபடுகின்றன. நூலில் எட்டயபுரமும் புதுக்கோட்டையும் 'விசுவாசிகள்'. கதைப்பாடல்களிலும் மேடைகளிலும் 'காட்டிக்கொடுத்தவர்கள்'. பட்டியல் ஒன்றே, மதிப்பீடு மட்டும் தலைகீழ். கம்பெனி வகுத்த பிரிவினையை எதிர்த்தரப்பும் அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. தொண்டைமான்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலே கம்பெனியுடன் நட்புறவு கொண்டவர்கள். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே நிலவிய பகை கம்பெனிக்காகத் தோன்றியதன்று. அவர்கள் செய்தது சரி என்பது இதன் பொருளன்று. 'துரோகம்' என்னும் ஒரு சொல், உள்ளூர்ப் பகையைத் தகவலாகவும் தகவலைப் படைவலிமையாகவும் மாற்றிய நிருவாக இயந்திரத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே குறை. அந்தப் பழி இன்றும் சில குடிகளின்மீது சுமத்தப்படுவதால் இது வெறும் ஏட்டு வாதமன்று. கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல் சென்னை ஆவணங்களை மறுதிசையில் படித்து, தனித்தனிக் கலகங்களாகக் கருதப்பட்டவற்றை ஒரே எழுச்சியாக இணைத்துக் காட்டியது. எனினும் தகவலாளர்களைப் பற்றிய வினா அதிலும் நடுநாயகமாக அமையவில்லை.

1801ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்குக் கால்டுவெல் பெரிதும் துணைக்கொள்வது ஜேம்ஸ் வெல்ஷின் படைநினைவுக் குறிப்புகளை (1830). பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பியதும், இடிக்கப்பட்ட கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்ததும் கம்பெனியின் வேவு முற்றிலும் தோற்ற தருணங்கள். பேசமாட்டாத தலைவர் வைக்கோல் துரும்புகளை உள்ளங்கையில் பரப்பி ஆங்கிலப் படையாகக் காட்டி, மறுகையால் துடைத்தெறிந்து தாக்குதலுக்குக் குறிப்புணர்த்துவார் என்று வெல்ஷ் எழுதுகிறார். இடைமறிக்க ஓலையுமில்லை, ஒட்டுக்கேட்கச் சொல்லுமில்லை.

மே 24இல் கோட்டை வீழ்ந்தபின் நடந்ததாக அவர் கூறும் செய்தி இன்னும் நுட்பமானது. காயமுற்றுக் கிடந்த தன் மகனைத் தேடிவந்த தாய், அவன் வேண்டுகோளின்படி ஊமைத்துரையை எடுத்துச் செல்கிறாள். எட்டயபுரத்தார் நெருங்கியதும் பெண்கள் உடலின்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, பெரியம்மையில் மாண்டவன் என்று ஒப்பாரி வைக்கின்றனர். தேடிவந்தவர்கள் விலகிப் போகின்றனர். இதனைத் தாயன்பின் உருக்கமான காட்சியாகவே நூல்கள் எடுத்துரைக்கின்றன. நம்பத்தக்க பொய்த்தகவல் ஒன்றைக் கண நேரத்தில் உருவாக்கி, மண்ணின் மொழியும் வழக்கமும் அறிந்த உள்ளூர்த் தகவலாளரையே ஏமாற்றிய எதிர்வேவுச் செயல் இது என்பதை அவை கவனிக்கவில்லை. ஏமாந்தவர்களால் இக்கதையைச் சொல்லியிருக்க இயலாது. துணியின் அடியில் இருந்தது யார் என்று அறிந்திருந்த பக்கத்திலிருந்தே அது வெல்ஷின் செவிக்கு வந்திருக்க வேண்டும். கால்டுவெல்லின் சரித்திரம் கொண்டுள்ள பக்கங்களுள், பெயர் தெரியாத அந்தப் பெண்கள் தாமே தந்த செய்தியாக இந்த ஒன்றைக் கொள்ளலாம்.