கேர் பிளானில் இல்லாத ஆள்

நர்சிங் மாணவிகளின் கேர் பிளான் நோட்டைப் புரட்டியிருக்கிறீர்களா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள்: மதிப்பீடு, செவிலிய நோயறிதல், குறிக்கோள், திட்டம், செயல், மறுமதிப்பீடு. 1961-ல் புத்தகம் எழுதிய ஐடா ஜீன் ஆர்லாண்டோ இம்முறையின் முன்னோடிகளில் ஒருவர். நோயாளிக்கு என்ன தேவை என்று நீயாக முடிவு கட்டாதே, அவரிடமே கேட்டு உறுதி செய் என்பது அவர் பாடம். எந்த நர்சிங் கல்லூரியில் படித்தாலும் சரி, இந்தக் கட்டங்களைப் போடாமல் பட்டம் வாங்க முடியாது.

வார்டுக்கு வந்தால் கதை வேற. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பொது வார்டில் போதனா மருத்துவமனை என்றால் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் 5 பேருக்கு ஒருவர். 8 மணி நேர ட்யூட்டியை வகுத்தால் ஆளுக்கு 160 நிமிஷம், அல்லது 96. அதே செவிலியரிடம் 30 பேரை விட்டால்? 16 நிமிஷம். மருந்து, ஊசி, டிரிப்ஸ், ரவுண்ட்ஸ் எல்லாம் அதற்குள்ளேதான். கேர் பிளான் ட்யூட்டி முடியும்போது மொத்தமாக எழுதப்படுகிறது. அவங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் ஆள் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. பக்கவாதம் வந்து என் சித்தி கடலூர் மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தார். ஃபைலில் ‘ரிஸ்க் ஃபார் இம்பேர்டு ஸ்கின் இன்டெக்ரிட்டி’ என்று அழகாக எழுதியிருந்தது. இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கணும் என்பதும் இருந்தது, இங்கிலீஷில். ராத்திரி பூரா பக்கத்தில் இருந்தது நான். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாம் நாள் முதுகில் புண்.

கோளாறு படிவத்திலேயே இருக்கிறது. செயல் எல்லாம் செவிலியர் செய்வதாக அது நம்புகிறது. நம்ம ஊர் வார்டில் திருப்புவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் கூட இருக்கிற சொந்தக்காரர். அவருக்கு அங்கே ஒரு கட்டமும் கிடையாது.

அப்படிக் கட்டம் போட்டால் பற்றாக்குறையை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆகட்டுமே. யார் செய்தார் என்று எழுதினால்தான் எத்தனை செவிலியர் குறைவு என்பது காகிதத்தில் தெரியும். இப்போது எல்லாம் நடந்ததாகக் காகிதம் சொல்கிறது, முதுகு வேற சொல்கிறது.

அதுவரை, கட்டில் தலைமாட்டில் தமிழில் ஒரு வரி ஒட்டலாம்: “ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடுங்க.” 16 நிமிஷத்தில் ஒரு நிமிஷம்கூட ஆகாது.