அரங்கிசைத் தட்டுக்களும் பாட ஆராய்ச்சியும்

ஒரு நாடகம் அரங்கைவிட்டு இறங்கிய பின்னர் எஞ்சுவது யாது என்பது நாடக வரலாறு எழுதப் புகுவார் எவர்க்கும் முதற்கண் எழும் வினாவாகும். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்னும் நாடகத் தமிழ் நூல்களை அடியார்க்குநல்லார் உரையின் வாயிலாகவே நாம் அறிகின்றோம். எழுதிவைத்த நூலுக்கே இந்நிலை நேருமாயின், நிகழ்ச்சியாகவே வாழும் இசைநாடகத்துக்கு நேர்வதில் வியப்பில்லை. இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க் நகரத்துப் பிராட்வே அரங்குகளில் தோன்றிய இசைநாடகங்களுள் புகழ்பெற்ற சில போக, ஏனையவற்றைச் செவியால் அறிதற்கு இசைத்தட்டே பெருந்துணையாக உள்ளது. அரிய அத்தட்டுக்களைத் தேடித் தொகுப்பதை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவாரும் உளர். தட்டுக் கிடைத்தால் நாடகமே கிடைத்ததாகக் கொள்வாரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதும், நல்ல தொகுப்பாளன் செய்வது பதிப்பாசிரியன் பணியே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தட்டேறியனவும் ஏறாதனவும்

மார்க் பிளிட்ஸ்டைன் இயற்றிய 'த கிரேடில் வில் ராக்' 1937இல் அரங்கேறியது. அதனை மியூசிக்ராப்ட் நிறுவனத்தார் 1938இல் நடித்தோரைக் கொண்டே பாடுவித்துத் தட்டாக்கினர். 1943இல் டெக்கா நிறுவனம் 'ஒக்லஹோமா!' நாடகப் பாடல்களை ஆறு தட்டுக்களில் வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டியபின் இம்முறை அமெரிக்காவில் வழக்கமாக நிலைபெற்றது. அதற்கு முற்பட்ட நாடகங்களுள் பெரும்பாலன இவ்வாறு பதிவுபெறவில்லை.

பிற்பட்டவையேனும் தகுதி நோக்கிப் பதிவாயினவோ எனின், அதுவும் இல்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1948ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் டிசம்பர் 14 வரை ஒலிப்பதிவுப் பணியினின்றும் விலகி நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் குர்ட் வைலும் ஆலன் ஜே லெர்னரும் இயற்றிய 'லவ் லைப்' அரங்கேறி 252 முறை நடிக்கப்பெற்றது. அதே திங்களில் தொடங்கிய பிராங்க் லெசரின் 'வேர்ஸ் சார்லி?' 792 முறை நடிக்கப்பெற்றது. இவ்விரண்டிற்கும் முதற்குழுவினர் பாடிய இசைத்தட்டுத் தொகுதி இல்லை. டிசம்பர் 30ஆம் நாள் அரங்கேறிய கோல் போர்ட்டரின் 'கிஸ் மீ, கேட்' தடை நீங்கிய பின்னர் வந்தமையால் உடனே தட்டாயிற்று, உலகப்புகழும் பெற்றது.

இதற்கு மறுதலையும் உண்டு. ஸ்டீவன் சாண்ட்ஹைம் இசையமைத்த 'எனிஒன் கேன் விசில்' 1964இல் ஒன்பதே முறை நடிக்கப்பெற்று நின்றது. நின்ற மறுநாளே கொலம்பியா நிறுவனத்துக் காடர்ட் லீபர்சன் நடிகரைக் கூட்டி அதனைப் பதிவு செய்தார். ஒன்பது முறை ஒலித்தது வாழ்கின்றது. எழுநூறு முறைக்குமேல் ஒலித்தது முதற்குரலில் இல்லை. எனவே, எஞ்சியது சிறந்தது என்றோ மறைந்தது தாழ்ந்தது என்றோ கொள்ளுதல் வரலாறாகாது. ஏடுகளைச் செல்லரித்த வகை அறிந்த நம்மனோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

குறைப்பாடம்

இனி, எஞ்சிய தட்டுத்தான் முழுமையானதோ என நோக்குதல் வேண்டும். ஜான் லட்டூஷ் பாடல்களும் ஜெரோம் மொராஸ் இசையும் அமைந்த 'த கோல்டன் ஆப்பிள்' 1954இல் தோன்றியது. ஹோமரின் இரு காப்பியக் கதைகளையும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்வதாக மாற்றியமைத்த நாடகம் இது. உரையாடல் இன்றி முற்றும் பாட்டாலேயே நடப்பது. நியூயார்க் நாடகத் திறனாய்வாளர் குழுவின் பரிசும் பெற்றது. ஆயின், ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் இதனை ஒற்றை நெடுநேரத் தட்டில் அடக்கியது. பெரும்பகுதி நீங்கியது; நீங்கிய இடங்களை இணைத்தற்குப் புதிதாக எழுதிய செய்யுள் விளக்கம் சேர்க்கப்பெற்றது. முற்றும் பாட்டாகிய நாடகத்தில் பாட்டைக் குறைத்தல் கதையைக் குறைத்தலேயாம். இத்தட்டை மட்டும் கேட்டு, இந்நாடகம் கோவையற்றது எனத் தீர்ப்புரைப்பது முறையாகாது. டெக்சாஸ் மாநிலத்து லிரிக் ஸ்டேஜ் அரங்கினர் நடித்த முழுவடிவம் 2015இல் வெளிவந்த பின்னரே அதன் கட்டமைப்பைச் செவியால் ஆராயும் வாய்ப்புக் கிட்டியது.

குரல் மாற்றம்

ரிச்சர்ட் ராட்ஜர்சும் லாரன்ஸ் ஹார்ட்டும் இயற்றிய 'பால் ஜோயி' 1940இல் அரங்கேறியது. அக்காலத்தில் அதற்கு நடிகர்குழுத் தட்டு இல்லை. 1950இல் கொலம்பியா நிறுவனம் முதல் அரங்கேற்றத்தின் தலைவியாகிய விவியன் சீகலையும் ஹெரால்ட் லாங்கையும் கொண்டு பாடல்களைப் பதிவு செய்தது. அத்தட்டுப் பெற்ற வரவேற்பால் 1952இல் நாடகம் மீண்டும் அரங்கேறி, முதன்முறை நடந்த 374 காட்சிகளையும் கடந்து 540 காட்சிகள் நிகழ்ந்தது. நாடகத்தினின்று தட்டுப் பிறப்பது இயல்பு. ஈண்டுத் தட்டினின்று நாடகம் பிறந்தது.

மறு அரங்கேற்றத்தின் தட்டைக் கேபிடல் நிறுவனம் வெளியிட்டபோது, மேடையில் பாடிய சீகலும் லாங்கும் கொலம்பியாவின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டிருந்தமையால் அதிற் பாடவியலவில்லை. ஜேன் புரோமனும் டிக் பீவர்சும் அவர்க்கு மாற்றாகப் பாடினர். 1952ஆம் ஆண்டுத் தட்டென்பது கொண்டு இதனை அம்மேடையின் நேர்ச்சான்றாகக் கொள்வார் பிழைபடுவர். இரு தட்டையும் ஒருங்கே வைத்துக் கேட்பார்க்கே உண்மை புலனாகும். ஒற்றை ஏட்டை நம்பிப் பதிப்பித்தல் தீது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மீட்டமைத்த பாடம்

ஜெரோம் கெர்னின் 'சிட்டிங் பிரெட்டி' 1924இல் தோன்றியது. நடன இசைக்குழுவினர் தம் பாடல்களைச் சிதைக்கின்றனர் என்று கருதிய கெர்ன், அவற்றை வானொலியிலும் தட்டிலும் வழங்காதவாறு விலக்கினார். தூய்மை காக்க எண்ணிய செயலே பாடல்கள் பரவாமைக்குக் காரணமாயிற்று. 1982இல் நியூஜெர்சியின் செகாகஸ் நகரில் வார்னர் இசை நிறுவனத்தின் கிடங்கில் கெர்ன், கெர்ஷ்வின் முதலியோரின் கையெழுத்து இசையேடுகள் பெட்டி பெட்டியாக வெளிப்பட்டன. அதன்பின் பழைய வடிவங்களை மீட்கும் முயற்சி வலுப்பெற்றது. இசை நடத்துநர் ஜான் மக்கிளின் 'சிட்டிங் பிரெட்டி'யை 1989இல் ஒலிப்பதிவு செய்தார். அதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட 'ஷோ போட்' பதிவில் அவர் கைவிடப்பட்ட பாடல்களை இறுதியில் தனியே பிற்சேர்க்கையாக வைத்தார். இது போற்றத்தக்க பதிப்பு நெறி. எனினும், மீட்டமைத்த பாடம் எந்த ஓர் இரவிலும் அவ்வாறே ஒலித்ததன்று. ஏடு பல ஒப்பிட்டு அமைத்த நூற்பாடம் எந்த ஓர் ஏட்டிலும் அவ்வாறே இல்லாமை போல்வது இது.

முடிபு

கிடைத்தற்கு அருமை ஒன்றனையே அளவுகோலாகக் கொண்டு தட்டுத் தொகுத்தல் ஆராய்ச்சிக்குப் பயன்படாது. பாடியோர் மேடையில் நடித்தோர்தாமோ, நீக்கியவை எவை, சேர்த்தவை எவை, எவ்வாண்டின் வடிவம் என்னும் குறிப்புக்கள் இன்றேல் தட்டு ஒலியேயன்றிச் சான்றாகாது. அக்குறிப்புக்களோடு அமைந்த தொகுப்பு, புகழ்பெற்ற சில நாடகங்களையே மீளமீளப் பேசும் வரலாற்றைத் திருத்தவல்லது. தட்டேறாத நாடகத்தின் பெயரையும் வெற்றிடமிட்டு அத்தொகுப்பிற் குறித்து வைத்தல் வேண்டும். மறைந்தன இவை என்று அடியார்க்குநல்லார் எழுதிவைத்தமையாலன்றோ இழந்தது இன்னதென்றேனும் நாம் அறிகின்றோம்.