கண்மாய்த் தண்ணீரில் ஒரு வேட்டைச் செடி

பூச்சி தின்னும் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இணையக் கடையில் முதலில் தேடுவது வீனஸ் ஈப்பொறியை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இருப்பவர்கள் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம். அமெரிக்காவின் வட, தென் கரோலினாவில் ஈரம் காயாத நிலத்தில் வளர்கிற செடி அது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சில மாதம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நம் சித்திரை வெயிலும் உப்புப் பூத்த போர்த் தண்ணீரும் அதைக் கொன்றுவிடும். மேகாலயாவின் குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானாவையும் விட்டுவிடுங்கள். அருகிவரும் அந்த இனத்தின் பன்னாட்டு வணிகத்தை சைட்டீஸ் ஒப்பந்தம் தன் முதல் பட்டியலில் வைத்துக் கட்டுப்படுத்துகிறது.

இந்த மண்ணுக்கு ஏற்றது யூட்ரிகுலேரியா. தமிழகச் சமவெளியின் குளம், கண்மாய், தேங்கிய வயல் தண்ணீர் ஆகியவற்றில் வேரே இல்லாமல் மிதக்கும் கொடி. குளிக்க இறங்குபவர்கள் பாசி என்று கையால் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். இந்தியாவில் வளரும் இதன் இனங்களுக்கென்றே எம்.கே. ஜனார்த்தனமும் ஏ.என். ஹென்றியும் ஒரு முழு நூல் எழுதினார்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1992-இல் அதை வெளியிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகி, கலங்கல் அடங்கிய பிறகு தேடுங்கள். கரிசல் தண்ணீர் லேசில் தெளியாது என்பதால் மார்கழி, தை மாதங்களே தோது. ஆடு மாடு இறங்காத, அல்லியும் கோரையும் நிற்கிற, முழங்கால் ஆழ மூலைகளைப் பாருங்கள். உரத் தண்ணீர் வடியும் இடத்திலும் ஆகாயத்தாமரை மூடிய இடத்திலும் தேடுவது வீண். முதலில் கண்ணில் படுவது பூதான்: நீருக்கு மேலே எழும் மெல்லிய தண்டில், இரண்டு உதடும் பின்பக்கம் ஒரு சிறு வாலுமாகச் சின்ன மஞ்சள் பூக்கள். பூத்தண்டைச் சுற்றி நட்சத்திர வடிவில் மிதவைகள் விரிந்திருந்தால் அது யூட்ரிகுலேரியா ஸ்டெல்லாரிஸ். மிதவையே இல்லாவிட்டால் பெரும்பாலும் யூட்ரிகுலேரியா ஆரியா.

பூவோடு நின்றுவிட்டால் பாதிகூடப் பார்த்ததாகாது. ஒரு சாண் கொடியைக் கண்மாய்த் தண்ணீரோடு வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்த இலைகளில் சின்னஞ்சிறு பைகள் தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு பொறி. பை தன்னுள் இருக்கும் நீரை விடாமல் வெளியேற்றுவதால் அதன் சுவர்கள் உள்ளொடுங்கி நிற்கின்றன; சொட்டு மருந்துக் குழாயின் ரப்பர் குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் நிலை. வாயில் ஒரு கதவு, கதவில் சில முடிகள். நீர்த்தெள்ளு ஒன்று முடியில் இடித்ததும் கதவு உள்பக்கம் திறக்கிறது, சுவர்கள் விரிகின்றன, நீரும் இரையும் உள்ளே போய்விடுகின்றன. கதவு திறக்க ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆவதில்லை. தாவர உலகின் மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய சார்லஸ் டார்வின்கூட, இரை தானே முட்டித் தள்ளிக்கொண்டு நுழைகிறது என்றுதான் எண்ணினார். பை உறிஞ்சுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

இந்த வேகம் நம் கண்ணுக்கு அகப்படாது. வெளியே துள்ளிக்கொண்டிருந்த தெள்ளு, அடுத்த கணம் பைக்குள் துள்ளிக்கொண்டிருக்கும்; அவ்வளவுதான் தெரியும். அதற்காக ஒரே பையைப் பார்த்தபடி காத்திருப்பதில்தான் ரசனை இருக்கிறது. காத்திருக்க முடியாதவர்கள் நிறத்தைப் படிக்கலாம்: பசியோடு இருக்கும் பை தெளிந்திருக்கும், உண்டது கறுத்திருக்கும். செடிக்கான மாவுச்சத்தை இலை வெயிலில் தயாரித்துக்கொள்கிறது. தண்ணீரில் போதிய அளவு கிடைக்காத நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும்தான் இந்த வேட்டை.

வீட்டில் வளர்க்க அகலமான மண் தொட்டி போதும். அடியில் கழுவிய மணல், அதன்மேல் கொஞ்சம் மக்கிய வைக்கோல், பிறகு மழைத் தண்ணீர். முதல் மழை மொட்டைமாடித் தூசியைக் கழுவிப் போகட்டும். அடுத்த மழையில் பிடித்து வையுங்கள். போர்த் தண்ணீர் கூடவே கூடாது. அதன் உப்புக்குச் செடி தாங்காது. உரம் போட்டால் பச்சைப் பாசி படர்ந்து கொடியை மூச்சுமுட்ட வைத்துவிடும். கண்மாய்த் தண்ணீர் ஒரு குவளை ஊற்றினால் நீர்த்தெள்ளுகள் தாமாகவே பெருகும். தனியாகத் தீனி வேண்டாம். காலை வெயில் படட்டும், பங்குனிக்குப் பிறகு மதிய வெயிலுக்குக் கீற்று மறைப்புக் கட்டுங்கள். ஆவியாகிப் போகும் நீரை மழைத் தண்ணீராலேயே ஈடுகட்டுங்கள். சிறு கொசுப்புழுக்களையும் இந்தப் பைகள் பிடிக்கும் என்றாலும், அதை நம்பித் தொட்டியைத் திறந்து போடக் கூடாது. டெங்கு பரவும் ஊர்களில் தொட்டிமேல் கொசுவலை கட்டாயம்.

கொடியின் ஒரு துண்டிலிருந்தே புதுச் செடி தழைக்கும். எனவே கண்மாயிலிருந்து ஒரு சாணுக்கு மேல் எடுக்காதீர்கள். பூத்து நிற்பதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.