எலும்போடு ஒட்டும் உலோகம்

ஊட்டி வர்க்கியை மொறுமொறுவென்று கடிக்கும் செயற்கைப் பல்லுக்கு அடியில், தாடை எலும்புக்குள் ஒரு சின்ன டைட்டானியம் திருகு இருக்கிறது. மங்கிய சாம்பல் நிறம். தொட்டால் லேசான சொரசொரப்பு. எலும்பு பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பு உதவுகிறது. மேலே தானாகப் படியும் ஆக்சைடு படலம் அரிப்பைத் தடுக்கிறது.

முயல் எலும்பில் பதித்த டைட்டானியம் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொண்டதை 1952இல் சுவீடன் ஆய்வாளர் பிரோனமார்க் கண்டார். 1965இல் மனிதருக்குப் பொருத்தினார்.

டைட்டானியத்தில் நான்காம் தரம் கலப்பில்லாதது. ஐந்தாம் தரத்தில் 6% அலுமினியம், 4% வனேடியம், வலிமை அதிகம். டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே உண்டு.

குன்னூரோ கோத்தகிரியோ, பல் பொருத்துமுன் எந்தத் தரம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். திருகின் தயாரிப்பு எண்ணையும் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.